விண்மீன்களில் மூன்று புள்ளி

கேள்வி: ஆறு ஆண்டுகளாக வரைகலை வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். எழுத்து என்றால் சிறுவயதிலிருந்தே எனக்குப் பைத்தியம். கணினியில் 3,000 எழுத்துருக்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். பிடித்த போஸ்டர், புத்தக அட்டை, லோகோ என்று சேமித்த படங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. செய்து முடிப்பதெல்லாம் எங்கோ பார்த்தது போலவே இருக்கிறது. உங்களுக்கெல்லாம் யோசனை எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் எடுப்பாக நிற்கும் ஒரு வடிவமைப்பு, தமிழ் எழுத்தை வைத்ததும் சப்பென்று ஆகிவிடுவது ஏன்? எழுத்துரு உருவாக்கத்தைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: எழுத்துப் பைத்தியம் எனக்கும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிழைப்பு நடப்பதே அதனால்தான். அது முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் ஆள் இருக்கிறார். கோப்டன்-சான்டர்சன் என்பவர் லண்டனில் டவ்ஸ் என்ற சிறிய அச்சகத்தை நடத்தினார். அந்த அச்சகத்துக்கென்றே ஓர் எழுத்து தனியாக வார்க்கப்பட்டிருந்தது. கூட்டாளியோடு மனக்கசப்பு வந்ததும், தம் காலத்துக்குப் பிறகு அந்த எழுத்து அவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று முடிவு செய்தார். 1916இல், 75 வயதில், இருட்டிய பிறகு ஹாமர்ஸ்மித் பாலம் வரை நடந்து போய், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட உலோக எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேம்ஸ் ஆற்றில் கொட்டினார். வேலை முடிய 1917 ஆகிவிட்டது. 170 தடவைக்கு மேல் போய்வந்தார் என்பது கணக்கு. 2014இல் ஆற்றில் ஆட்கள் மூழ்கித் தேடியபோது கிடைத்தவை 150 எழுத்துகள்.

உங்களுக்கு வந்திருப்பது இதற்கு நேர் எதிரான நோய். அவரால் ஓர் எழுத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை. உங்களால் எந்த எழுத்தையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு சின்ன சோதனை. கணினியை அணைத்துவிடுங்கள். அந்த மூவாயிரத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ் எழுத்துரு ஒன்றின் ‘க’வை நினைவிலிருந்து தாளில் வரையுங்கள். மேல்கோடு எவ்வளவு நீளம்? நடுக்கோடு அதை எந்த இடத்தில் வெட்டுகிறது? வலப்பக்க வளைவு வட்டமாக முடிகிறதா, முனை வெட்டி நிற்கிறதா? கை நின்றுவிடும். எனக்கும் நின்றது. தினமும் பார்க்கிற நண்பரின் காதை வரையச் சொன்னால் எப்படி விழிப்போமோ அப்படி. சேர்த்து வைத்தது ஒன்று, பார்த்தது வேறொன்று என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சேமித்த படங்களின் கதையும் இதுதான். அவை ஒவ்வொன்றும், யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ எழுதிய விடை. ஆறு ஆண்டுகளாக விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறீர்கள். வினாத்தாள் ஒன்றுகூட உங்களிடம் இல்லை. நாளைக் காலை உங்கள் மேசைக்கு வரப்போகும் வேலையில் கேள்வி வேறு. அதற்குப் பழைய விடைகளில் எதைத் தேடிப் பொருத்தினாலும் எங்கோ பார்த்தது போலத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளாகத் தலைப்பெழுத்துகளில் ஒரு மோஸ்தர் ஓடுகிறது. இரண்டு கோடுகள் சேரும் மூலையில், எலி கடித்தது போல ஒரு வெட்டு. உங்கள் சேமிப்பில் நிச்சயம் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அந்த வெட்டு புகழ்பெற்றது டெலிபோன் டைரக்டரியில். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-க்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த பெல் சென்டெனியல் என்ற எழுத்துரு 1978இல் வெளிவந்தது. மட்டமான தாள், அசுர வேகத்தில் ஓடும் எந்திரம், எறும்பு அளவு எழுத்து. இப்படி அச்சடித்தால் மை கசிந்து கோடுகள் சேரும் மூலைகளை அடைத்துவிடும். எண்களையே மாற்றிப் படிக்க நேரும். கார்ட்டர் அந்த மூலைகளை முன்கூட்டியே வெட்டி வைத்தார். மை வரட்டும், வந்து அந்தக் குழியில் நிரம்பட்டும். அச்சில் பார்த்தால் வெட்டே தெரியாது, கச்சிதமான மூலைதான் தெரியும்.

இப்போது அதே வெட்டை, மை என்பதே இல்லாத கணினித் திரையில், சாண் அகல எழுத்தில் வைக்கிறோம். ஒழுகாத கூரைக்குக் கீழே வாளி வைத்தது போல. அழகுக்கு வைத்தேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த வெட்டைப் படமாகச் சேமித்தவருக்குக் கிடைப்பது ஒரு வெட்டு மட்டும். அதன் காரணத்தைச் சேமித்தவருக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: என் எழுத்து எங்கே போய் உட்காரப்போகிறது, அங்கே அதற்கு என்ன கெடுதல் வரும்? துணியில் நூலால் தைக்கப்போகிறார்களா? ரப்பர் ஸ்டாம்பில் வெட்டப்போகிறார்களா? வெயிலில் நின்று கைப்பேசியில் படிக்கப்போகிறார்களா? ஒவ்வோர் இடத்திலும் எழுத்து வேறு மாதிரிக் கெடும். எப்படிக் கெடும் என்று யோசிக்கத் தொடங்கினாலே பாதி வடிவம் தானாக வந்துவிடும்.

நம் எழுத்தின் கதையிலும் இது நடந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713இல் தரங்கம்பாடி அச்சகத்துக்கு வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. கையிலிருந்த தாளோ கொஞ்சம். அந்த அளவில் அச்சடித்தால் புத்தகம் முடிவதற்குள் தாள் முடிந்துவிடும். அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாள் பஞ்சம் செய்த வேலை அது.

காரணத்தைத் தேடும்போது கைவேலை தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ரோம் நகரில் டிராஜன் தூண் இருக்கிறது, கி.பி. 113இல் எழுப்பியது. அதன் அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகளை ரோமன் பெரிய எழுத்துகளுக்கு உரைகல்லாகவே வைத்திருக்கிறார்கள். அவற்றின் கோடுகள் முடியும் இடத்தில் சின்னப் பாதம் போல ஒரு நீட்டல் இருக்கும், செரிஃப் என்கிறோமே, அது. அந்தப் பாதம் உளியால் வந்தது, கல்லில் கோட்டை முடிக்க அப்படித்தான் வெட்டியாக வேண்டும் என்று பலர் சொல்லிவந்தார்கள். எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் மட்டும் ஒப்பவில்லை. அவர் பாதிரியார் ஆவதற்கு முன்பு விளம்பரப் பலகை எழுதியவர். தட்டைத் தூரிகையைக் கல்லில் பதித்து, இழுத்து, முடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பினால் அந்தப் பாதம் தானாக விழும் என்பது அவர் கைக்குத் தெரியும். முதலில் தூரிகையால் எழுதினார்கள், உளி அந்தத் தடத்தின் வழியே பின்னால் போனது என்று 1968இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஏட்டுப் படிப்பு மட்டும் இருந்தவர்களுக்குப் பிடிபடாதது பலகை எழுதிய கைக்குப் பிடிபட்டது.

அதனால் நீங்கள் உடனே செய்ய வேண்டியது, முனை தட்டையாக வெட்டிய பேனா ஒன்றும் தட்டைத் தூரிகை ஒன்றும் வாங்குவது. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் தமிழ் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டும் என்ற கவலை வேண்டாம். எந்த இடத்தில் கோடு தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எந்தத் திருப்பத்தில் பேனா முரண்டு பிடிக்கிறது என்று கவனித்தால் போதும். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு தடிப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. ஒரே சீராக ஓடும். நாம் கணினியில் தமிழ் எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் வைக்கிறோமே, அது எந்தக் கருவியின் தடிப்பு? பேனாவா, தூரிகையா? இதைக் கேட்டுக்கொள்ளாமல் வரைந்த எழுத்துருக்களில், ஒரே சொல்லுக்குள் ஒரு எழுத்து பேனாவால் எழுதியது போலவும் அடுத்தது பெயின்ட் பிரஷ்ஷால் இழுத்தது போலவும் நிற்கும். வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இன்னொரு பயிற்சி, பத்து நிமிடம்தான். ‘ட’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நெடுங்கோடு, ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவே. அளவுகோல் வைத்து இரண்டையும் சரியாக 10 மில்லிமீட்டர் தடிப்பில் வரைந்து, உள்ளே கறுப்பு அடித்து, சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். படுக்கைக் கோடு கொஞ்சம் குண்டாகத் தெரியும். அளவுகோல் சமம் என்கிறது, கண் இல்லை என்கிறது. இந்தத் தொழிலில் கண் சொல்வதுதான் தீர்ப்பு. படுக்கைக் கோட்டை வெள்ளை பெயின்ட் வைத்து மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டும் சமம் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள், 10 இருக்காது. ஆங்கில ‘ஓ’வின் வட்டமும் இப்படித்தான். ‘எச்’சின் உயரத்துக்கே வரைந்தால் குள்ளமாகத் தெரியும், மேலும் கீழும் கோட்டைக் கொஞ்சம் தாண்டியாக வேண்டும்.

அதோடு, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையைப் பார்க்கப் பழகுங்கள். ‘ப’வின் இரண்டு சுவர்களுக்கு நடுவே நிற்கும் வெள்ளைக்கும், ‘ப’வுக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே இருக்கும் வெள்ளைக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளே விசாலம், வெளியே நெருக்கடி என்றால் வரி திக்கித் திக்கி ஓடும். புதிதாக ஓர் எழுத்துருவைத் தொடங்கும்போது நான் ப, ன, க மூன்றையும்தான் முதலில் முடிப்பேன். ‘ப’வில் மூலை, ‘ன’வில் சுழி, ‘க’வில் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும் சிக்கல். இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டால் ட, ம, ய, ண எல்லாம் பின்னாலேயே வரும். ‘ஞ’ மட்டும் வராது. ‘ஞ’ யாருக்கும் லேசில் வந்ததில்லை.

யோசனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் மானம் போன கதை ஒன்றைச் சொன்னால் அதுவே பதிலாக இருக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில், வானியலைக் குழந்தைகளுக்கு விளக்கும் புத்தகம் ஒன்றுக்கு அட்டை செய்தேன். தலைப்பில் ‘விண்மீன்கள்’ என்ற சொல். கருநீல வானம், வானம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக நட்சத்திரங்கள், நடுவே வெள்ளை எழுத்தில் தலைப்பு. வெளிநாட்டுப் புத்தக அட்டைகள் நாலைந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தது. எனக்கு ஒரே பெருமை. மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “விணமீனகள என்று எதற்குத் தலைப்பு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். ‘ண்’, ‘ன்’, ‘ள்’ மூன்றின் புள்ளிகளும் நட்சத்திரக் கூட்டத்தில் கலந்துவிட்டன. எது புள்ளி, எது நட்சத்திரம் என்று எனக்கே தெரியவில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. இடத்தைப் பார்த்து, இது மெய், இது உயிர்மெய் என்று படிப்பவரே தெரிந்துகொள்வார். என் அட்டையைப் பார்க்கப்போகும் பத்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

முதலில் தலைப்பைச் சுற்றியிருந்த நட்சத்திரங்களை அழித்தேன். வானத்தில் சொட்டை விழுந்தது போல இருந்தது. எழுத்துக்கு மஞ்சள் அடித்தேன், அதுவும் ஒட்டவில்லை. இரவு பத்து மணிக்கு, எரிச்சலில், எல்லா நட்சத்திரங்களையும் ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டேன். வெறும் கருநீலம். அதன்மேல் ஒரே ஒரு சொல், அந்தச் சொல்லின் தலையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வானத்தில் மிச்சம் இருந்த நட்சத்திரங்கள் அந்த மூன்றுதான். எழுத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, அந்த மூன்று புள்ளிகளை மட்டும் ஒளிர விட்டேன். அட்டை முடிந்தது.

அந்த யோசனை என் பக்கத்தில் இருந்த வெளிநாட்டு அட்டைகளில் இல்லை, இருக்கவும் முடியாது. அது ‘விண்மீன்கள்’ என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. நான்தான் அந்தச் சொல்லைப் பார்க்காமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வேலை வந்தாலும் முதலில் அதன் வாசகத்தை வாசிப்பேன். புத்தகம் என்றால் கைப்பிரதி முழுவதையும். “சுருக்கம் அனுப்புகிறோம், அது போதுமே” என்பார்கள், போதாது. நோட்டீஸ் என்றால் அதிலுள்ள நாலு வரியை நானே கையால் பத்துத் தடவை எழுதுவேன். எந்தச் சொல் நீளம், எந்த எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே இரண்டு சுழி பக்கத்தில் பக்கத்தில் வந்து முட்டுகிறது என்பது எழுதும்போதுதான் தெரியும். பிறகே மற்றவர்கள் செய்த வேலைகளைத் திறப்பேன். முன்னால் திறந்தால் கதை முடிந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் இதில் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கென்று கட்டிய வீட்டில் தமிழைக் குடிவைக்கிறீர்கள். கதவு இடிக்கத்தான் செய்யும். ஆங்கிலத் தலைப்பு எடுப்பாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டு, நடுவே காற்றோட்டமாக இடைவெளி விடுவது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதே இடைவெளியைத் தமிழில் விட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். சில மென்பொருள்களில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று ‘கொ’வே மூன்று துண்டாகிவிடும். தமிழில் எடுப்பு வேண்டுமானால் அளவில் தேடுங்கள், தடிப்பில் தேடுங்கள், சுற்றி விடும் வெற்றிடத்தில் தேடுங்கள். எழுத்துக்கு நடுவே தேடாதீர்கள்.

வரியிடைவெளியும் அப்படியே. மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘மூ’வின் வால் என்று தமிழ் இரண்டு பக்கமும் கை நீட்டும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் சிக்கிக்கொள்ளும். இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, இரண்டுக்கும் 12 பாயின்ட் கொடுத்துவிட்டேன், சமம்தானே என்று இருந்துவிடாதீர்கள். பாயின்ட் என்பது எழுத்தின் உயரத்தை அளப்பதில்லை. ஈய எழுத்துக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் அளவு அது. கணினியிலும் அந்த வழக்கமே தொடர்கிறது. கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இரண்டு பத்தியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் வரை ஒன்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள்.

பத்தியின் அகலத்தையும் மறந்துவிடாதீர்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல், 13 எழுத்து. குறுகலான பத்தியில் இருபக்கமும் சீராக வெட்டி நிறுத்தினால், ஒரு வரியில் இரண்டே சொல், நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. இடப்பக்கம் சீராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். ஆங்கிலச் சாய்வெழுத்துக்கு ஈடாகத் தமிழைப் பிடித்துச் சாய்ப்பதைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நல்லது. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தோடு விடைபெற்ற பழைய ‘லை’, ‘ணை’ போன்றவற்றை, எழுத்தோடு ஒட்டித் தும்பிக்கை போல வளையுமே, அவற்றை இப்போது லோகோக்களில் நிறையப் பார்க்கிறேன். அழகான வடிவங்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் நேற்றுத் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் தும்பிக்கை எதற்கு? பழைய வாசனை வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால், வாளி நினைவிருக்கட்டும்.

இனி அந்த 3,000 எழுத்துருக்கள். எத்தனைக்கு உரிமம் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைக் கணினியிலிருந்து எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, தமிழில் ஓர் எழுத்துருக் குடும்பம், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துருக் குடும்பம் மட்டும் மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு என்று கேட்பீர்கள். ஏதாவது இரண்டு. பேர் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பேர் என்றதும் ஒரு கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் பாஸ்கர்வில் என்பவர் எழுத்து வார்த்தார். எழுத்துப் பயிற்றும் ஆசிரியராகவும் கல்லில் எழுத்து வெட்டுபவராகவும் இருந்துவிட்டு அச்சுக்கு வந்தவர்; முதல் புத்தகம் 1757இல் வந்தது. கோடுகள் மெல்லியவை, அச்சு பளிச்சென்று இருக்கும். படித்தால் கண் கெட்டுப்போகும் என்று பலர் புறம்பேசினார்கள். அப்படிப் பேசிய ஒருவரிடம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு குறும்பு செய்தார். வில்லியம் காஸ்லான் என்ற வேறொருவரின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, மேலே இருந்த பேரைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்வில்லுடையது, எங்கே குறை என்று காட்டுங்கள் என்று கொடுத்தார். அந்த மனிதர் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் குறை சொல்லிக்கொண்டே போனார், படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றார். அதுவரை அவர் வாழ்நாளெல்லாம் வலியில்லாமல் படித்துவந்ததே காஸ்லான் எழுத்தைத்தான். பாவம், வெட்கப்படுவாரே என்று ஃபிராங்க்ளின் உண்மையைச் சொல்லவில்லை. 1760இல் பாஸ்கர்வில்லுக்குக் கடிதம் எழுதி அவரிடம் மட்டும் சொன்னார்.

எழுத்துருப் பட்டியலில் பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் என் நினைவுக்கு வருவார். இரண்டே எழுத்துருக்களோடு மூன்று மாதம் இருந்தால் பேர் மறந்துவிடும். அளவு, இடைவெளி, தடிப்பு, பக்கத்தில் அது நிற்கும் இடம் என்று வேறு வழியே இல்லாமல் மற்றவற்றைத் தொட ஆரம்பிப்பீர்கள். கை ஓடத் தொடங்குவது அங்கேதான்.

என் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பிடித்த எழுத்தைக் கண்டால் படம் எடுக்கமாட்டேன், வரைவேன். கீழே ஒரே ஒரு வரி: இது ஏன் இப்படி இருக்கிறது? மாத்திரை அட்டையின் பின்பக்கம் அமுங்கிப் பதிந்த தேதி. கல்லறையில் இடம் போதாமல் கடைசி எழுத்தைக் குறுக்கிய சிற்பியின் சாமர்த்தியம். அப்போதுதான் எழுதப் பழகும் குழந்தை ‘ழ’வின் காலை எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் வளைத்தது, எனக்கு அது ஒரு லோகோவாக உதவியது. லண்டன் சுரங்க ரயிலுக்கு 1916இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்தில் ஆங்கிலச் சின்ன ‘ஐ’யின் மேலுள்ள புள்ளி வட்டமாக இல்லாமல் வைரம் போலச் சாய்ந்து நிற்கும். தட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், அதே வைரம் விழும். வாழ்க்கை முழுவதும் அந்தப் பேனாவோடு இருந்தவர், எந்திர யுகத்து ரயிலுக்கு எழுதும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை. இந்த வரி என் நோட்டில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் ஒன்றும் தோன்றாத நாள்கள் வரும். எனக்கு மாதத்தில் பாதி நாள் அப்படித்தான். அன்றைக்கு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரிசெய்வது, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது என்று மூளை தேவைப்படாத வேலைகளை வைத்துக்கொள்வேன். கெடு நெருங்கிவிட்டால் யோசனைக்குக் காத்திருக்கமாட்டேன். எழுத்தைத் தெளிவாக, படிக்கும்படி வைத்துக் கொடுத்துவிடுவேன். அதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. யோசனை என்று வலிந்து திணித்தபோதுதான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

படிப்பு விஷயம். எழுத்துரு உருவாக்கத்தைத் தொழிலாக எடுக்க எண்ணம் இருந்தால் முறையாகப் படியுங்கள். வரைவது அதில் ஒரு பங்குதான். எழுத்துகள் ஒன்றோடு ஒன்று சேரும் விதிகள், நிரல், ஒருங்குறி எனும் யூனிகோட், சோதனை என்று மீதி நிறைய இருக்கிறது. போஸ்டரும் அட்டையும்தான் உங்கள் வேலை என்றால் இப்போதைக்குத் தேவையில்லை. மேலே சொன்ன பேனாவும் ‘ட’வும் ஓராண்டுக்குத் தாங்கும்.

அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள். கடிதத்தோடு ஒரு ‘ழ’ வரைந்து அனுப்புங்கள். உள்ளங்கை அகலத்தில், பென்சிலில். அழித்து அழித்து வரைந்த தடம் இருந்தால் அப்படியே இருக்கட்டும். நான் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.